வீட்டு வானுக்கு இரண்டு ஸ்டாண்ட்

போன கார்த்திகை மாதம் என் மைத்துனன் குகன் பிரான்சிலிருந்து வந்து ஒரு பழைய வான் வண்டியை வாங்கி, அதற்குள் ஒரு வீட்டைக் கட்டினான். கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, தண்ணீர்த் தாங்கி, மடக்கு மேசை எல்லாம் உள்ளே. வவுனியாவில் ஒரு தச்சரும் ஒரு மின்வேலைக்காரரும் இரண்டு மாதம் அந்த வானுக்குள்ளேயே குடியிருந்து செய்து முடித்தார்கள்.

குகன் என் மனைவி தவமணியின் தம்பி. முப்பது வருடம் பாரிசில் ஓர் உணவகத்தின் குசினியில் சமையல் வேலை செய்து ஓய்வுபெற்றவன். "முப்பது வருசம் ஒரே இடத்திலை நிண்டனான் அத்தான், இனி ஓடப் போறன்" என்று காண்கிற எல்லோருக்கும் சொல்லுவான். அக்காவையும் அத்தானையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மாதம் இலங்கையைச் சுற்றுவது அவனுடைய திட்டம். அவன் மனைவி ராதா பாரிசிலேயே பேரப்பிள்ளையோடு நின்றுவிட்டாள்.

நான் கிளிநொச்சியில் ஓர் அரச திணைக்களத்தின் வாகனத் திருத்தகத்தில் முப்பத்துநாலு வருடம் வேலை செய்தவன். மெக்கானிக்காகப் போய், கடைசியில் மேற்பார்வை பார்க்கும் போர்மனாக வெளியே வந்தேன். அதனால் குகன் என்னிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டான்.

"அத்தான், வானோட கொண்டு திரிய எந்த ஸ்டாண்ட் நல்லது?"

ஸ்டாண்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாகனத்தைத் தூக்குவது ஜாக். தூக்கிய வாகனத்தைக் கீழே விழாமல் தாங்கி வைத்திருப்பது ஸ்டாண்ட். ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போனவர்களில் சிலரை நான் பிறகு செத்த வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே குகனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அந்தப் பதிலைக் கற்க அதற்கு முன் முப்பத்துநாலு வருடம் பிடித்திருந்தது.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்க வந்தவர். நான் நெல்லுக்குப் பயந்து இரும்புக்குப் போனவன். பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லித் தந்ததை எழுதினேன், சோதனையில் பாஸ் பண்ணினேன், வேலையில் சேர்ந்த முதல் கிழமையே எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்துகொண்டேன்.

அந்த முதல் கிழமையில் ஒரு வானின் முன் சில்லைக் கழற்றச் சொன்னார்கள். வானின் சாரதி செல்லமுத்து. மலையகத்திலிருந்து வந்து தருமபுரத்தில் குடியிருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்கிறவர். அன்றும் சீற்றில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் ஜாக்கை வைத்து அடிக்கத் தொடங்கினேன். வைக்க வேண்டியது செசியின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே. நான் வைத்தது அதற்குப் பக்கத்தில் இருந்த தகரத்துக்குக் கீழே.

வான் எழும்பவில்லை. தகரம் கிறீச்சிட்டது. சீற்றும், சீற்றில் செல்லமுத்துவும், அவர் கையில் பேப்பரும் மெதுவாக எழும்பினார்கள். தலை கூரையில் முட்டிய பிறகுதான் அவர் பேப்பரை மடித்தார்.

"தம்பி, வண்டி அங்கேயேதான் இருக்கு. நான் மட்டுந்தான் மேல போறேன்."

போர்மன் ஐயாத்துரை வந்து பார்த்தார். ஏசவில்லை. "இப்ப இறக்கு. மெதுவா. ஆள் பாவம்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு வெண்கட்டியை எடுத்து என்னிடம் தந்தார். முற்றத்தில் நின்ற பத்தொன்பது வாகனங்களுக்கும் கீழே படுத்துப் போய், தூக்கக்கூடிய இடங்களில் எல்லாம் வட்டம் போட்டு வரவேண்டும். இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் றோட்டில் ஒரு வாகனம் போனால் எனக்கு அதன் முகம் ஞாபகம் வராது, வயிறுதான் ஞாபகம் வரும்.

ஐயாத்துரையரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மெலிந்த உயரமான மனிதர். கண்ணாடியின் ஒரு காதைச் செம்புக் கம்பியால் கட்டியிருப்பார். அவருக்குக் கீழே வேலை செய்த நாங்கள் ஒரு வாகனத்தை உயர்த்துவதென்றால், அது ஒரு சடங்கு.

முதலில் நிலம். வாகனம் நிற்கும் இடத்தில் ஒற்றைக் காலில் நின்று, குதிக்காலை ஊன்றி, ஒருமுறை முழுக்கச் சுற்ற வேண்டும். குதி புதைந்தால் பலகை போடாமல் வேலை இல்லை. இதை அவர் மட்டுமல்ல, நாங்கள் எல்லோரும் செய்ய வேண்டும். நடுறோட்டில், சந்தைக்கு முன்னால், பள்ளிக்கூட வாசலில், எங்கே வாகனம் பழுதானாலும் காக்கிக் காற்சட்டையோடு ஒருவர் ஒற்றைக் காலில் சுற்றுவதைக் கிளிநொச்சிச் சனம் பார்த்திருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையார் கோவில் பக்கம் ஒருமுறை நான் சுற்றும்போது ஒரு கிழவி, "என்ன நேத்திக்கடன் தம்பி?" என்று கேட்டார்.

பிறகு எதிர்ப்பக்கச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. பிறகு ஜாக். பிறகு ஸ்டாண்ட். பிறகு ஜாக்கை இறக்கி, பாரம் முழுவதும் ஸ்டாண்டில் இருக்கும்படி விட வேண்டும். பிறகு இரண்டு கையாலும் வாகனத்தைப் பிடித்து, மாமரத்தை உலுப்புவதுபோல உலுப்ப வேண்டும். விழுவதானால் ஆள் வெளியே நிற்கும்போதே விழட்டும் என்பதுதான் எண்ணம்.

எல்லாம் முடிந்தபிறகு கீழே போகப்போகிறவனைப் பார்த்து ஐயாத்துரையர் ஒரு கேள்வி கேட்பார்: "பின்னேரம் வீட்டை போறனீயோ?" "ஓம் ஐயா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் கீழே போக முடியாது. ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். ஒரு லொறியின் கீழ்ப்பக்கத்தைத் தானே பார்க்க வேண்டும் என்றார். ஐயாத்துரையர் அவரிடமும் மரியாதையாக, "பின்னேரம் வீட்டை போறனீங்களோ?" என்று கேட்டார். தன்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்த பொறியியலாளர், "இல்லை இல்லை, நான் விடுதியிலைதான்" என்றார். அவ்வளவுதான். அவரைக் கடைசிவரை கீழே போக விடவில்லை. அவர் திரும்பிப் போய் எங்கள் திருத்தகத்தைப் பற்றி என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது.

எங்கள் ஸ்டாண்டுகள் கடையில் வாங்கியவை அல்ல. பொருட்கள் வராத காலத்தில் உடைந்த லொறிகளின் குழாய்களை வெட்டி, மூன்று கால் வைத்து ஒட்டியவை. உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் துளைகள் இருக்கும், அவற்றுக்கு ஊடாக பின் என்கிற ஒரு தடித்த இரும்பு ஆணி போகும். பல்லுப் பல்லாக ஏறும் ஸ்டாண்டை ஐயாத்துரையர் தொடமாட்டார். "பல்லுத் தேயும் தம்பி. தேய்ஞ்சது வெளியாலை தெரியாது. பின் எண்டால் ஒண்டில் போட்டிருக்கு, இல்லாட்டிப் போடயில்லை" என்பார். யுத்தத்தால் நாங்கள் இடம்பெயர வேண்டி வந்தபோது, உழவு இயந்திரத்தில் தன்னுடைய றங்குப்பெட்டியை ஏற்றுவதற்கு முன் எட்டு ஸ்டாண்டையும் ஏற்றியவர் அவர். போய்ச் சேர்ந்த இடங்களில் எல்லாம் அவற்றுக்கு வேலை இருந்தது.

இனி நான் சொல்ல வேண்டிய சம்பவம் கண்டாவளையில் நடந்தது.

சிறுபோகம், கோடையில் நெல் விளைவிக்கும் காலம். திணைக்கள லொறி ஒன்று வயல்றோட்டில் பின் சில்லு இறுகி நின்றுவிட்டது. சாரதி செல்லமுத்துதான். ஐயாத்துரையர் வேறு வேலையில் நின்றதால் முதல் தடவையாக என்னைத் தனியே அனுப்பினார். நான் ஜாக், ஸ்டாண்ட், சாவிகள் எல்லாம் எடுத்தேன். பலகையை எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் கட்ட வசதியில்லை, அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் இல்லை.

போய் நிலத்தைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து வெடித்த களிமண். ஒற்றைக் காலில் சுற்றினேன், குதி ஒரு நூல்கூடப் புதையவில்லை. சீமெந்து மாதிரி இருந்தது. கட்டை வைத்தேன், தூக்கினேன், ஸ்டாண்டில் இருத்தினேன், உலுப்பினேன். லொறி அசையவில்லை. சில்லைக் கழற்றினேன். கேள்வி கேட்க ஆள் இல்லாததால் நானே என்னைக் கேட்டு, நானே "ஓம்" சொல்லிக்கொண்டு, செருப்பை வாய்க்கால் ஓரம் கழற்றிவிட்டுக் கீழே போனேன். எல்லாம் முறைப்படி.

ஆனால் நிலத்தைச் சோதித்தது பத்து மணிக்கு. பதினொரு மணிக்கு இரணைமடுத் தண்ணீர் வந்தது. அன்று அந்தப் பக்க வயல்களுக்குத் தண்ணீர் முறை. றோட்டோரம் போன வாய்க்காலில் தண்ணீர் ஏறி, நண்டு துளைத்த ஓட்டைகளால் சத்தமில்லாமல் றோட்டுப் பக்கம் கசியத் தொடங்கியது. எனக்கு முதுகு குளிர்ந்தது. வியர்வை என்று நினைத்தேன். ஒரு நட் இறுக்கமாக நின்றது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கழற்றி முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

செல்லமுத்து வரம்பில் பூவரச நிழலில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய குரல் கேட்டது, அவசரமே இல்லாத குரல்.

"தம்பி, ஒங்க செருப்பு ஒன்னு தண்ணியில போகுதே. போகட்டுமா?"

புதுச் செருப்பு. தவமணி முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. நான் ஒரு புழுவைப்போல நெளிந்து வெளியே வந்து, அதைத் துரத்திக்கொண்டு ஓடினேன். பத்துப் பன்னிரண்டு மீற்றர் போய், வாய்க்கால் மதகில் வைத்துப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. ஒரு எருமை சேற்றில் படுப்பது மாதிரி, மெத்தென்று.

லொறி தன் அச்சில் படுத்திருந்தது. ஸ்டாண்ட் மூன்று காலும் முழுக்கப் புதைந்து, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. என் நெஞ்சு இருந்த இடத்தில் பிறேக் தட்டு இருந்தது.

பயம் உடனே வரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடந்து வந்தேன். லொறிக்குக் கிட்ட வந்ததும் வரம்பில் இருந்துவிட்டேன். செல்லமுத்து தன் சுடுதண்ணிப் போத்தலின் மூடியில் தேத்தண்ணி வார்த்துத் தந்தார். பாதித் தேத்தண்ணி என் சேர்ட்டில் சிந்தியது.

"சொல்லுவமா வேணாமான்னு யோசிச்சேன் தம்பி" என்றார். "வேல நடக்கிற நேரத்துல கூப்பிட்டா ஏசுவீங்கன்னு நெனச்சேன்."

பின்னேரம் ஐயாத்துரையர் வந்தார். செல்லமுத்து நடந்ததைச் சொன்னார். குந்தியிருந்து, ஸ்டாண்டின் கால் போன துளையில் தன் விரலை விட்டார். பிறகு கையை விட்டார். மணிக்கட்டுவரை போனது. கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"செருப்புக் கிடைச்சுதோ?"

"ஓம் ஐயா."

"நல்லது."

அதன்பிறகு வரம்பால் கொஞ்சத் தூரம் தனியே நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வந்தார். இன்னும் துடைத்து முடியவில்லை என்பதுபோல வீடுவரை துடைத்தார்.

லொறிக்குச் சேதம் என்பதால் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதை ஐயாத்துரையரே எழுதினார். எனக்கு அந்த வசனம் இன்றும் மனப்பாடம்: "உத்தியோகத்தர் தமது பாதணியைப் பின்தொடர்ந்து சென்றமையால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது." மூன்று கிழமையில் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. லொறியைப் பற்றி அல்ல. கடமை நேரத்தில் பாதணி ஏன் கழற்றப்பட்டது என்று கேட்டிருந்தார்கள். ஐயாத்துரையர் பதில் எழுதினார்: "படுத்திருக்கும் உத்தியோகத்தருக்குப் பாதணி அவசியமில்லை என இத்திருத்தகம் கருதுகிறது." அதோடு அந்தக் கோப்பு மூடப்பட்டது.

எங்களுக்கு மூடப்படவில்லை. அடுத்த நாளே எட்டு ஸ்டாண்டுக்கும் அடியில் சதுரத் தகடு வைத்து ஒட்டினோம். காய்ந்த நிலமோ ஈர நிலமோ, பாலைமரப் பலகை இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. நான் போர்மனாக வந்த பிறகும் அந்த உத்தரவை மாற்றவில்லை. ஐயாத்துரையர் ஓய்வுபெற்று, நெடுங்காலம் இருந்து, தன் கட்டிலிலேயே காலமானார்.

இவ்வளவும் மனதில் வைத்திருக்கிற ஒருவனிடம்தான் குகன் வந்து எந்த ஸ்டாண்ட் நல்லது என்று கேட்டான்.

கேட்டவன் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த நாளே நாலு ஸ்டாண்ட் கொண்டுவந்து காட்டினான். அலுமினியம். மடக்கினால் ஒரு புத்தகத்தளவு. அடிப்பக்கம் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் தட்டைவிடச் சிறியது.

"இதென்ன, பிட்டுப் பானைக்கு வைக்கிறதோ?" என்றேன்.

"இந்த வானுக்கு இது காணும் அத்தான்."

"எவ்வளவு உயரம் எழும்பும்?"

"எழும்பத் தேவையில்லை. சில்லு நிலத்திலைதான் நிக்கும்."

எனக்குத் தலை சுற்றியது. சில்லு நிலத்தில் நிற்கும்போது சில்லைக் கழற்றுவது எப்படி? இரண்டு போதும் என்றேன். நாலு மூலைக்கும் நாலு வேண்டும் என்றான். எப்போதாவது ஒருமுறைதான் தேவைப்படும் என்றேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வைக்க வேண்டும் என்றான். ஒரு கிழமை இப்படிப் போனது. மூன்றாம் நாள் நான் அவனோடு கதைப்பதை நிறுத்தினேன். ஐந்தாம் நாள் அவன் தன்னுடைய சோற்றைக் கொண்டுபோய் வானுக்குள் இருந்து சாப்பிட்டான். ஆறாம் நாள் பொறுக்க முடியாமல் நானே திரும்பத் தொடங்கினேன்.

"ஒவ்வொரு நாளும் ரயர் கழட்டப் போறியோடா நீ?"

"ஆர் ரயர் கழட்டுறது? படுக்கிறதுக்குத்தானே அத்தான்!"

"அதுக்குக் கீழையோ படுக்கப் போறாய்?"

"கீழை என்னத்துக்குப் படுக்கிறன்? மேலைதான்!"

தவமணி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். கத்தியை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பின்வரிசைப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரு கிழமையா ரெண்டு சாமானைப் பற்றிக் கதைக்கிறியள்."

உண்மைதான். குகனுக்குத் தேவைப்பட்டது, வானுக்குள் ஆள் திரும்பிப் படுத்தால் வான் ஆடாமல் இருக்க மூலைகளுக்கு முட்டுக் கொடுக்கும் சாமான். நான் சொன்னது, சில்லுக் கழன்ற வானைத் தாங்கும் சாமான். இரண்டுக்கும் கடையில் கிட்டத்தட்ட ஒரே பெயர். குகன் என்னைப் பார்த்தான், நான் கத்தரிக்காயைப் பார்த்தேன்.

கடைசியில் இரண்டும் எடுப்பதாக முடிவு. ஆனால் அவனுடைய அலுமினியத்தை நம்பி எவரும் கீழே போய்விடக்கூடாது என்று, நாலிலும் சிவப்புப் பெயின்றால் "படுக்க மட்டும்" என்று எழுதினேன். தவமணி வாசித்துப் பார்த்துவிட்டு, "இதை வாசிக்கிறவன் நேரை கீழை போய்ப் படுப்பான்" என்றாள். அழித்துவிட்டு "கீழே போகாதே" என்று எழுதினேன்.

இனி என்னுடைய ஸ்டாண்ட். எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று தெரிய வானை நிறுக்க வேண்டும். வானின் புத்தகத்தில் இருக்கும் நிறை உதவாது. அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்குக் குகனின் குசினியைப் பற்றித் தெரியாது. எல்லாச் சாமானையும் ஏற்றி, தாங்கியில் தண்ணீர் நிரப்பி, நெல் லொறிகள் நிறுக்கும் அரிசி ஆலைத் தராசுக்குக் கொண்டுபோனோம். அறுவடைக் காலம், பின்னால் வரிசை.

"என்ன நெல்லு, சம்பாவோ?" என்று தராசுக்காரர் கேட்டார்.

"நெல்லில்லை. வீடு" என்றான் குகன்.

முதலில் முன்சில்லுகளை மட்டும் ஏற்றி நிறுத்தேன், பிறகு பின்சில்லுகளை மட்டும். ஆட்களோடு நிறுக்க வேண்டும் என்றேன். தவமணி இறங்கிவிட்டாள். "இஞ்சாருங்கோ, இவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் என்ன நெல்லு மூட்டையோ?" அவளுடைய நிறையை நான் ஊகித்துக் கூட்டிக்கொண்டேன். எவ்வளவு கூட்டினேன் என்பதை இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை. குசினி பின்பக்கம் இருந்ததால் பின்சில்லுகளில்தான் பாரம் அதிகம், இரண்டு தொன்னை எட்டிப் பிடித்தது. ஆகவே ஒரு தனி ஸ்டாண்ட் மூன்று தொன் தாங்கினால் எனக்கு நிம்மதி.

உயரத்துக்கு ஒரு நூல் எடுத்தேன். ரயர் காற்றுப்போய்ச் சப்பையாக இருக்கும்போது வான் எவ்வளவு பதியும் என்று பார்த்து ஒரு முடிச்சு. புது ரயர் உள்ளே போக எவ்வளவு உயர வேண்டும் என்று பார்த்து இன்னொரு முடிச்சு. ஸ்டாண்டின் ஆகக் குறைந்த உயரம் கீழ் முடிச்சுக்குக் கீழே இருக்க வேண்டும், ஆகக் கூடிய உயரம் மேல் முடிச்சுக்கு மேலே. அந்த நூலோடு நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில், "மூண்டு தொன் எண்டு போட்டிருக்கு, சோடிக்கோ ஒண்டுக்கோ?" என்று கேட்டேன். "அது பெட்டியிலை என்ன போட்டிருக்கோ அதுதான் அண்ணை" என்றார் கடைக்காரர். பெட்டியில் கீழே, எறும்பு எழுத்தில், சோடிக்கு என்று இருந்தது. வைத்துவிட்டு வந்தேன். நாலாவது கடையில் கிடைத்தது: ஒவ்வொன்றும் மூன்று தொன், தடித்த பின், அகலத் தகட்டு அடி. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு பாலைப் பலகையும் வெட்டினேன். கட்டிலுக்குக் கீழே வைக்கலாம் என்றான் குகன். மழைக்குள் றோட்டோரம் கட்டிலைக் கிளப்பிக்கொண்டு நிற்க ஏலாது, பின்கதவடியில்தான் வைக்க வேண்டும் என்றேன். அங்கே அவன் பொரிக்கிற இரண்டு பெரிய இரும்புத் தாச்சிகள் இருந்தன, பாரிசிலிருந்து சுமந்து வந்தவை. அவற்றில் ஒன்று வீட்டில் நின்றுவிட்டது. அதைக் குசினியில் வைத்துவிட்டு வந்தபோது குகனின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"இந்த ரெண்டும் இல்லாமல் இந்த வான் எங்கள் கேற்றைத் தாண்டக் கூடாது" என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். தேவையில்லாத கதை.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். முதல் நாள் முல்லைத்தீவு, பிறகு திருகோணமலை. வீட்டைப் பூட்டிய திறப்பைத் தவமணியோடு படிப்பித்த ஒரு ரீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போக வட்டக்கச்சிப் பக்கம் திரும்பினோம். அங்கே றோட்டோரம், ஒரு வீட்டு வாசலுக்குப் பக்கத்தில், உழவு இயந்திரத்தின் பின்னால் இழுத்துப் போகும் நெல் ஏற்றிய பெட்டி ஒன்று சரிந்து நின்றது. ஒரு பக்கச் சில்லு இல்லை. ஒரு செங்கல்லுக்கு மேல் ஜாக், ஜாக்குக்கு மேல் பெட்டி. பெட்டிக்குக் கீழேயிருந்து இரண்டு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

நான் வான் நிற்கமுதலே குதித்தேன். "தம்பி, வெளியிலை வாங்கோ!"

"ஒரு நிமிசம் அண்ணை, இது ஒண்டுதான்!"

அந்த ஒரு நிமிடம் என்ன நிமிடம் என்று எனக்குத் தெரியும். தவமணி வானின் யன்னலால் தலையை நீட்டினாள்.

"உடனை வெளியாலை வாரும்!"

வகுப்பறைக் குரல். கால்கள் துடித்தன, ஆள் வந்துவிட்டார். நாற்பது வயது மதிக்கக்கூடிய விவசாயி, பெயர் இராசன். அவளிடம் படித்தவர் அல்ல. ஆனாலும் எழும்பி நின்று சாரத்தை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

மூட்டைகளை எல்லாம் இறக்கினோம். பலகை போட்டு, அச்சுக்குக் கீழே ஒரு ஸ்டாண்டை வைத்தேன். ஜாக்கை எடுத்தபோது செங்கல் இரண்டு துண்டாக இருந்தது. எப்போது பிளந்தது என்று இராசனுக்குத் தெரியவில்லை. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே மனைவி மலர் குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். இராசன் அவர் காணாதபடி அந்தத் துண்டுகளை வேலிக்கு அப்பால் எறிந்தார்.

பெயரிங் உடைந்து அச்சு தேய்ந்திருந்தது. கழற்றிக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும். பட்டணத்துக் கடைசல்காரர் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார். உழவு இயந்திரம் அன்றே இன்னொருவருடைய வயலுக்குப் போக வேண்டும். அதைக் கழற்றினால் பெட்டி முன்பக்கம் குத்தும். ஆகவே இரண்டாவது ஸ்டாண்டை, பெட்டியை இயந்திரத்தோடு கொளுவும் முன் ஏர்க்காலுக்குக் கீழே கொடுத்தேன். பெட்டி அழகாக, மட்டமாக நின்றது. உலுப்பிப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது.

வானடிக்கு வந்தபோது குகன் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், ஸ்டாண்ட் இல்லாமல் வான் கேற்றைத் தாண்டக் கூடாது எண்டு ஆரோ சொன்னவை."

மாற்றாக வைக்க மரக்குற்றி தேடினோம். கிடைத்ததெல்லாம் உக்கிய தென்னங்குற்றி. இராசன் கல் அடுக்கலாம் என்று வாயெடுத்தார், நான் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார். ஸ்டாண்டுகள் இல்லாமல் பயணம் போகலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஒரு கிழமை வீட்டில் சண்டை பிடித்து, ஒருவனின் தாச்சியை இறக்கி வைத்தவன் அதைச் சொல்ல முடியாது.

மலர் வாசலுக்கு வந்தார். "ஏன் றோட்டிலை நிக்கிறியள்? வானை வளவுக்கை விடுங்கோ. கிணத்திலை நல்ல தண்ணி இருக்கு."

இலங்கையைச் சுற்றப் புறப்பட்ட நாங்கள் முதல் மூன்று நாளும் வட்டக்கச்சியில் நின்றோம். வீட்டிலிருந்து பத்துக் கிலோமீற்றரும் வராது. குகன் தன் நாலு அலுமினியத்தையும் முதல் தடவையாக மூலைகளுக்கு வைத்தான். தவமணி நன்றாக நித்திரை கொண்டதாகச் சொன்னாள். குகன் மலரின் வெங்காயத்தில் பிரெஞ்சுச் சூப் வைத்தான், ஒழுங்கைச் சனமே வந்து வானுக்குள் எட்டிப் பார்த்துக் குடித்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள் இராசனின் மோட்டார் சைக்கிளில் ஏறி இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய், கரை தெரியாமல் விரிந்து கிடந்த தண்ணீரைப் படம் எடுத்து, பாரிசுக்கு அனுப்பினான்.

அவன் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் ராதா கோல் எடுத்தாள். நான் ஏர்க்காலில் இருந்தேன். கைபேசியில் அவளுடைய குரல் எனக்கும் கேட்டது.

"என்ன வடிவு! இது எந்தக் கடல்? திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்திட்டியளோ?"

குகன் என்னைப் பார்த்தான். ஸ்டாண்டைப் பார்த்தான். பிறகு எழும்பித் திருகோணமலை இருக்கும் தென்கிழக்கு எந்தப் பக்கம் என்று சூரியனைப் பார்த்து நிதானித்து, அந்தத் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"அந்தப் பக்கம்தான் ராதா" என்றான்.